மஞ்சள் அன்னம் எந்த நாட்டுப் பறவை?

சாயமேற்றிய இறகு போலி இறகு. அசல் பறவையின் அசல் இறகால் கட்டப்படாத ஈ, ஈயே அன்று. அடுப்பில் வெங்காயச் சருகைக் கொதிக்கவிட்டுக் கோழி இறகுக்கு நிறமேற்றுபவர் கலைஞர் அல்லர், கஞ்சர். மேலைநாட்டுத் தூண்டிற்கலையில் தம்மை மரபின் காவலராகக் கருதிக்கொள்ளும் ஒரு சாரார் நெடுங்காலமாகச் சொல்லிவரும் வாதத்தின் சாரம் இதுவே. இதனை ஏற்க நமக்கு இயலவில்லை. வெறும் சுவை பற்றிய பேச்சாக இருந்திருந்தால் அவரவர் சுவை அவரவர்க்கு என்று விட்டிருக்கலாம். இவர்களோ வரலாற்றைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். முன்னோர் அவ்வாறே செய்தனர் என்கிறார்கள். முன்னோர் எழுதிவைத்த நூல்கள் வேறொன்றைச் சொல்கின்றன.

இலக்கியம் பேசுவோர்க்கு மீன்தூண்டிலில் என்ன வேலை என்று வாசகர் வினவக்கூடும். மூலநூலின் பெயரால் தீர்ப்பளித்துவிட்டு அம்மூலநூலைப் புரட்டியும் பாராத பெருமக்களை நம் இலக்கிய உலகில் நாம் நிறையவே கண்டிருக்கிறோம். பாடபேதம் என்று ஒன்று உண்டென்பதையே ஒப்புக்கொள்ளாத பதிப்பாசிரியர்களின் உடன்பிறப்புகள் ஆங்கிலேய ஆற்றங்கரைகளிலும் அமெரிக்க ஓடைக்கரைகளிலும் வாழ்கிறார்கள் என்று அறியும்போது ஒருவகைச் சொந்தபந்த உணர்ச்சியே நமக்குத் தோன்றுகிறது. அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறோம்.

இக்கலையை அறியாதவர்க்காகச் சில சொற்கள். டிரவுட், சால்மன் போன்ற குளிர்நீர் மீன்களைப் பிடிப்பதற்குத் தூண்டில் முள்ளில் புழுவைக் கோப்பதற்குப் பதிலாக, அம்முள்ளின் மேல் இறகு, விலங்கு மயிர், பட்டுநூல் ஆகியவற்றைச் சுற்றிக் கட்டிப் பூச்சியைப் போன்ற ஓர் உருவைச் செய்வார்கள். அதுவே தூண்டில் ஈ. டிரவுட் மீனுக்கான ஈக்கள் பெரும்பாலும் உண்மையான பூச்சிகளைப் பார்த்துச் செய்யப்படுபவை. சாம்பல், பழுப்பு, மங்கிய பச்சை என அடங்கிய நிறங்கள் கொண்டவை. சால்மனின் கதை வேறு. அட்லாண்டிக் சால்மன் முட்டையிடுவதற்காகக் கடலிலிருந்து ஆற்றுக்குள் நுழைந்தபின் இரை தேடுவதில்லை. பசியில்லாத மீன் எதற்காக ஈயைக் கவ்வுகிறது என்று எல்லோரும் ஊகிக்கிறார்கள். ஊகங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. ஆகவே சால்மன் ஈ எந்தப் பூச்சியையும் போல இருக்க வேண்டியதில்லை. இந்தக் கட்டற்ற நிலையைப் பயன்படுத்திக்கொண்டே 19-ஆம் நூற்றாண்டுப் பிரித்தானியர் ஒரே முள்ளில் பத்துப் பன்னிரண்டு பறவைகளின் இறகுகளை அடுக்கினார்கள். இன்று அந்தப் பழைய சால்மன் ஈக்களைக் கட்டுவோரில் பலர் அவற்றைத் தண்ணீரில் நனைப்பதே இல்லை. கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்துச் சுவரில் மாட்டுகிறார்கள். இறகின் குலம் கோத்திரம் பற்றிய விசாரணை அதிகம் நடப்பது இவர்களிடையேதான்.

இனி நூல்களுக்கு வருவோம். ஆங்கிலத்தில் தூண்டிற்கலை பற்றி அச்சேறிய முதல் நூல் 1496-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் விங்கின் டி வோர்ட் வெளியிட்ட தொகுப்பில் இடம்பெற்றது. ஜூலியானா பெர்னர்ஸ் என்னும் கன்னிமடத் தலைவி எழுதியதாக மரபு சொல்லும். அப்படியொருவர் எழுதினாரா என்பதே ஐயம் என்று ஆய்வாளர் சொல்வர். நம் சித்தர் பாடல்களின் ஆசிரியர் பட்டியலைப் பார்த்துப் பழகியவர்க்கு இது புதிதன்று. அந்நூல் பன்னிரண்டு ஈக்களைக் கட்டும் முறையைச் சொல்கிறது. அவற்றுக்கு வருவதற்கு முன்பே, தூண்டிற்கயிறாகத் திரிக்கப்படும் குதிரைவால் மயிருக்கு எந்தப் பருவத்துக்கு எந்த நிறம் ஏற்றுவது என்று விரிவாகப் பேசுகிறது. மஞ்சள், பச்சை, பழுப்பு என்று நிறங்கள் நீள்கின்றன. சாயத்துக்கான பொருள்கள் எவை? ஏல் என்னும் பார்லி மது, படிகாரம், அக்ரூட் மர இலைச் சாறு, புகைக்கரி, அன்னபேதி. அன்னபேதியையும் படிகாரத்தையும் நீக்கினால் மற்றவையெல்லாம் வீட்டின் பின்கட்டில் கிடைப்பவை.

ஐசக் வால்டனின் 'தி கம்ப்ளீட் ஆங்லர்' 1653-இல் வெளிவந்தது. ஆங்கில இலக்கியத்தில் இடையறாது மறுபதிப்புக் கண்டுவரும் நூல்களுள் ஒன்று அது. தூண்டிற்காரர் வீடுகளில் அலமாரியில் இருப்பது, பெரும்பாலும் வாசிக்கப்படாமல் இருப்பது. அதிலும் சாயக் குறிப்பு உண்டு. ஒரு பைண்ட் கடும் ஏல், அரைப் பவுண்டு புகைக்கரி, சிறிதளவு அக்ரூட் இலைச் சாறு, அதே அளவு படிகாரம். இவற்றை ஒரு மட்பாண்டத்திலோ சட்டியிலோ இட்டு அரைமணி நேரம் கொதிக்கவைத்து, ஆறியபின் மயிரை உள்ளே இட வேண்டும். மயிர் நீரின் நிறத்தை, ஒருவகைக் கண்ணாடிப் பச்சையை, அடையும். வால்டன் இதை எழுதும்போது தமக்குத் தயக்கம் இருந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"அது கயிற்றுக்கான சாயம், ஈக்கான சாயம் அன்று" என்பர் மூலவாதிகள். கேள்வி நியாயமானது, விடையும் எளியது. குதிரை மயிரும் கோழி இறகும் கெரட்டின் என்னும் ஒரே வகைப் புரதத்தால் ஆனவை. ஒன்றில் பிடிக்கும் சாயம் மற்றொன்றிலும் பிடிக்கும். பருத்தியில் சிவப்பைப் பிடித்து நிறுத்துவதற்குச் சோழமண்டலக் கரையின் சாயக்காரர்கள் சாயவேரோடும் படிகாரத்தோடும் நாள்கணக்கில் போராட வேண்டியிருந்தது, பருத்தி புரதம் அன்று என்பதால். கம்பளியும் பட்டும் இறகும் அவ்வளவு பிகுச் செய்வதில்லை. நிறம் ஏற்றிய மயிரைக் கையில் வைத்திருந்தவர்கள் இறகுக்கு மட்டும் அதை விலக்கினார்கள் என்று சொல்ல வேண்டுமானால் சான்று காட்ட வேண்டியது அவர்கள் பொறுப்பு.

அவ்வளவு தூரம் ஊகத்தில் நடக்க வேண்டிய தேவையும் இல்லை. பழைய சால்மன் ஈக்களைக் கட்டுவோர் தலைமேல் வைத்துப் போற்றும் பெயர்களுள் ஒன்று வில்லியம் பிளாக்கர். அயர்லாந்துக்காரர், லண்டனில் சோஹோ பகுதியின் டீன் தெருவில் கடை வைத்திருந்தவர். அவருடைய நூலின் 1855-ஆம் ஆண்டுப் பதிப்பின் முகப்பைப் பாருங்கள். ஈ கட்டும் கலை, தூண்டில், அவற்றோடு 'நிறங்களுக்குச் சாயமேற்றல்' என்பதும் தலைப்பிலேயே அச்சாகியிருக்கிறது. உள்ளே, இறகைச் சோப்பும் சுடுநீரும் கொண்டு கழுவுவது, படிகாரமும் டார்டார் உப்பும் சேர்த்துக் கொதிக்கவைப்பது, பின்பு சாயச்சாற்றில் மெல்லிய சூட்டில் ஊறவைப்பது எனச் செய்முறை வருகிறது. டார்டார் உப்பு இன்றும் மேலைநாட்டுச் சமையலறைகளில் கேக் செய்யும் அலமாரியில் இருப்பது. ஆகவே, வெங்காயச் சருகைக் கொதிக்கவைக்கும் இன்றைய இல்லத்தரசரோ ஓய்வூதியரோ பிளாக்கரின் அடுப்பங்கரையில்தான் நின்றுகொண்டிருக்கிறார். அவரைப் போலி என்பவர் பிளாக்கரை என்னவென்று அழைப்பார்?

மஞ்சள் அன்னத்தின் பேச்சு இங்கேதான் வருகிறது. சால்மன் ஈக்களுள் மிகப் புகழ்பெற்றது 'ஜாக் ஸ்காட்'. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அதே பெயருடைய ஓர் ஆற்றுப் பணியாளர் உருவாக்கியது. ஜார்ஜ் கெல்சன் 1895-இல் வெளியிட்ட 'தி சால்மன் ஃப்ளை' என்னும் பெருநூல் இத்தகைய ஈக்களின் செய்முறைகளை வேத மந்திரம்போல் வரிசைப்படுத்திற்று. மூலவாதிகளின் மூலம் என்றால் இதுதான். ஜாக் ஸ்காட்டின் சிறகுக்கு வேண்டிய இறகுகளின் பட்டியலில் வான்கோழி, மயில், பஸ்டர்ட் இவற்றோடு மஞ்சள் அன்னமும் நீல அன்னமும் இருக்கின்றன. மஞ்சள் அன்னம் எந்த நாட்டுப் பறவை? நீல அன்னம் எந்த ஏரியில் நீந்துகிறது? வெள்ளை அன்னத்தின் இறகைச் சாயத் தொட்டியில் முக்கியெடுத்து வந்தது அது. மரபின் உச்சியிலுள்ள ஈயின் சிறகிலேயே சாயமேற்றிய இறகு இருக்கிறது. அதைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரரின் சாயமேற்றிய கோழியைப் பழிப்பதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

அப்படியானால் அந்த அரிய பறவைகள் ஏன் பட்டியலில் ஏறின? தென்னமெரிக்காவின் நீலக் கோட்டிங்கா, டூக்கான், 'இந்தியக் காகம்' என்று தூண்டிற்காரர் அழைத்த செந்தொண்டைப் பழந்தின்னி ஆகியவற்றைச் சொல்கிறோம். (பின்னது இந்தியாவிலும் இல்லை, காகமும் இல்லை, தென்னமெரிக்கப் பறவை. பெயரிட்டவர்களுக்குப் பூகோளத்தில் இருந்த அக்கறை அவ்வளவு.) விக்டோரியா காலத்தில் பெண்களின் தொப்பிகளுக்காக உலகெங்குமிருந்து பறவைத் தோல்கள் கப்பல் கப்பலாக லண்டனுக்கு வந்து ஏலத்தில் விற்பனையாயின. ஈ கட்டுவோர் அச்சந்தையின் ஓரத்தில் நின்று, கைக்கு எட்டியதை எடுத்தார்கள். கோட்டிங்காவின் நீலம் புனிதமானது என்பதற்காக அன்று; கடையில் அது கிடைத்தது என்பதற்காக. கிடைத்ததைக் கொண்டு கட்டுவதே அவர்கள் வழக்கம். கிடைக்காத நிறத்துக்கு அன்னத்தைச் சாயத்தில் முக்கினார்கள். பிரித்தானியப் பாராளுமன்றம் 1921-இல் இறகு இறக்குமதியைத் தடைசெய்யும் சட்டத்தை இயற்றியது. பின்னர் அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கை 1973-இல் கையெழுத்தாகி 1975-இல் நடைமுறைக்கு வந்தது. எளிதில் கிடைத்தது அரிதாயிற்று, அரிதானது விலையேறிற்று, விலையேறியது 'அசல்' என்னும் பட்டத்தைச் சூடிக்கொண்டது. மூலவாதிகள் தொன்மையான மரபு என்று வணங்குவது ஒரு தொப்பிச் சந்தையின் மிச்சத்தை.

வணக்கம் வணக்கத்தோடு நின்றிருந்தால் நாமும் நகைத்துவிட்டு நகர்ந்திருப்போம். 2009 ஜூன் மாதத்தில் ஓர் இரவு, லண்டனுக்கு வடமேற்கே டிரிங் என்னும் சிற்றூரிலுள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் சன்னலை உடைத்து ஒருவர் உள்ளே நுழைந்தார். லண்டனில் இசை பயின்றுகொண்டிருந்த அமெரிக்க மாணவர். சால்மன் ஈ கட்டுவதில் இளமையிலேயே பெயர் பெற்றவர். 299 பறவைத் தோல்களைப் பெட்டியில் நிரப்பிக்கொண்டு வெளியேறினார். கோட்டிங்காக்கள், 'இந்தியக் காகங்கள்', கெட்சால்கள், சொர்க்கப் பறவைகள். அவற்றுள் சில, ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் 1850-களில் மலாய்த் தீவுக்கூட்டத்தில் காய்ச்சலோடு அலைந்து சேகரித்தவை. டார்வினோடு ஒரே காலத்தில் இயற்கைத் தேர்வுக் கொள்கையைக் கண்ட அதே வாலஸ். திருடர் 2010-இல் பிடிபட்டார். 2011-இல் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை பெற்றார். இந்நிகழ்வை முழுமையாக ஆராய்ந்து கிர்க் வாலஸ் ஜான்சன் எழுதிய 'தி ஃபெதர் தீஃப்' 2018-இல் வெளிவந்தது. படிக்க வேண்டிய நூல்.

அந்த இறகுகளை விலைகொடுத்து வாங்கியவர்கள் தொப்பி தைப்போர் அல்லர். ஈ கட்டுவோர்.

இங்கே இழந்தது இறகு மட்டுமன்று. ஒவ்வொரு தோலின் காலிலும் ஒரு சீட்டு கட்டப்பட்டிருந்தது. எந்த இடம், எந்த நாள், சேகரித்தவர் யார் என்பது அதில் எழுதப்பட்டிருக்கும். சீட்டு உள்ளவரை அந்தத் தோல் ஒரு காலத்தின் ஆவணம். பழைய அருங்காட்சியக இறகுகளைச் சோதித்தே, கடற்பறவைகளின் உடலில் பாதரசம் எவ்வாறு காலப்போக்கில் ஏறியது என்பதை ஆய்வாளர் அறிந்தனர். சேகரித்தவர்கள் அந்தக் கேள்வியைக் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். சீட்டு இருந்ததால் விடை கிடைத்தது. டிரிங்கிலிருந்து போனவற்றுள் பல தோல்களின் சீட்டுகள் அறுக்கப்பட்டன. மீட்கப்பட்ட பின்பும் அவற்றுக்கு ஊர் இல்லை, நாள் இல்லை. ஓலைச்சுவடியின் கடைசி ஏட்டைக் கிழித்தெறிந்துவிட்டு எழுத்தழகை மட்டும் ரசிப்பவரை எண்ணிப் பாருங்கள்.

ஒருவர் திருடியதற்காக ஒரு கலையையே குற்றம் சாட்டலாமா என்பார்கள். கலையை நாம் குற்றம் சாட்டவில்லை. 'அசல் இல்லையேல் ஈ இல்லை' என்னும் போதனையைக் குற்றம் சாட்டுகிறோம். திறமை மிக்க இளைஞர் ஒருவரிடம், உன் கைவண்ணம் எவ்வளவு உயர்ந்தாலும் கோழி இறகு இருக்கும்வரை அது பயிற்சி ஈதான் என்று ஆண்டுக்கணக்கில் ஒரு சமூகம் சொல்லிக்கொண்டிருந்தால், அச்சமூகம் பின்னர் வியப்பது போலக் கைகளை விரிப்பது பொருந்தாது.

இக்கதையில் நம் மலைகளுக்கும் ஒரு பங்கு உண்டு. ஜாக் ஸ்காட்டின் இருபுறமும் கண்போல ஒளிரும் இறகு, ஆங்கிலத் தூண்டிற்காரர் 'ஜங்கிள் காக்' என்று அழைப்பது, நீலகிரியிலும் மேற்குத் தொடர்ச்சி மலைகளிலும் திரியும் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்திறகு. அதன் அறிவியற்பெயர், புதுச்சேரியோடு தொடர்புடைய பிரெஞ்சுப் பயணி சோனெராவின் பெயரைத் தாங்கியது. கறுத்த இறகின் நுனியில் அரக்குத் துளி சொட்டி உறைந்ததுபோல் ஒரு பொட்டு இருக்கும். அந்தப் பொட்டுக்காக இப்பறவையின் தோல்கள் கப்பலேறின. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அப்பறவையைக் காத்து நிற்கிறது. இன்று மேலைநாட்டில் விற்கப்படும் முறையான இறகுகள் அங்கேயே வளர்க்கப்படும் பறவைகளிடமிருந்து வருபவை. இந்தப் பொட்டைச் சமையலறைச் சாயத்தால் உண்டாக்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறோம். கினிக்கோழி இறகின் மேல் எனாமல் துளியை வைத்து ஏறத்தாழ ஒப்பேற்றுவோர் உண்டு. ஆற்றுக்கு அது போதும்.

இவ்வாறு சொல்வதனால் நம் அணியில் நிற்பவர் அனைவரையும் நாம் ஆதரிப்பதாக எண்ண வேண்டா. சமையலறைச் சாயத்தின் பெயரைக் கெடுப்பவர் எதிரணியில் மட்டும் இல்லை. 'இயற்கை' என்ற சொல்லை ஓதியவுடன் எல்லா நிறமும் கைகூடும் என்று பரப்பும் பக்தர்களும் இருக்கிறார்கள். பீட்ரூட் சாறு சிவப்பாக இருப்பதனால் இறகும் சிவக்கும் என்பது இவர்கள் நம்பிக்கை. பீட்ரூட்டின் நிறமி சூட்டைத் தாங்காது, ஒளியையும் தாங்காது. அன்று இளஞ்சிவப்பு, சில வாரத்தில் அழுக்கு வெள்ளை. செம்முட்டைக்கோஸின் நீலச்சிவப்போ புளிப்பைக் கண்டால் சிவக்கும், காரத்தைக் கண்டால் நீலமும் பச்சையுமாகும். பார்க்க வேடிக்கை, நிலைக்காது.

மஞ்சளைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பு கலந்து ஆலம் கரைத்தவர்கள் அது எப்படிச் சிவக்கும் என்பதை அறிவார்கள். வேட்டியில் பட்ட குழம்புக் கறை வெயிலில் காய்ந்தால் எவ்வளவு விரைவில் வெளிறும் என்பதையும் அறிவார்கள். படிகாரம்கூட வேண்டாமல் இறகைப் பளிச்சென்று மஞ்சளாக்கும் அதே பொருள், சன்னலோரத்தில் மாட்டிய சட்டத்தில் ஓராண்டைத் தாங்காது. ஒரு பருவம் ஆற்றில் எறிந்து, மரக்கிளையில் சிக்கி இழக்கப்போகும் டிரவுட் ஈக்கு மஞ்சள் நன்று. சுவருக்கு அது ஆகாது. இதை மறைத்து மஞ்சளின் பெருமை பாடுவோர் மூலவாதிகளுக்கு ஆயுதம் எடுத்துக் கொடுக்கிறார்கள்.

இயற்கையானது தீங்கற்றது, இரசாயனம் தீயது என்னும் பிரிவினையும் இங்கே எடுபடாது. தூய மஞ்சள் நிறத்துக்காகப் பழைய தூண்டிற்காரர் பிக்ரிக் அமிலத்தைப் பயன்படுத்தினார்கள். இறகுக்கு அழகிய சாயம், காய்ந்தால் வெடிமருந்து. 1917-இல் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தையே சிதறடித்த கப்பலின் சரக்கில் பெரும்பகுதி அதுவே. அதே வேளையில், அமெரிக்கர் தம் சமையலறையில் எடுத்தாளும் 'கூல்-எய்ட்' பானப்பொடி முழுக்கச் செயற்கைச் சாயம்; அதன் புளிப்பே சாயத்தை இறகில் ஏற்றிவிடும்; குழந்தை குடித்தாலும் கேடில்லை என்று விற்கப்படுவது. லண்டனில் 1856-இல் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டவர் பெர்கின். நெப்ராஸ்காவில் 1927-இல் கூல்-எய்டைச் செய்தவர் பெர்கின்ஸ். ஓர் எழுத்துதான் வேறுபாடு. சமையலறை என்பது ஓர் இடம். அதற்குள் இருப்பதெல்லாம் மரத்தில் காய்த்தது என்று பொருளன்று.

எஞ்சி நிற்பது எது? வெங்காயம். இதனை நாம் உறுதியோடு பரிந்துரைக்கிறோம். உலர்ந்த வெளிச்சருகில் உள்ள குவெர்செடின் என்னும் நிறமி, படிகாரத்திலுள்ள அலுமினியத்தைப் பற்றிக்கொண்டு, அதன் வழியே இறகைப் பற்றிக்கொள்கிறது. முதலில் இறகிலுள்ள எண்ணெய் போக வேண்டும். பறவை தன் இறகில் பூசிக்கொண்ட எண்ணெய் உள்ளவரை சாயம் திட்டுத்திட்டாகத்தான் ஏறும். பாத்திரம் துலக்கும் சோப்பு நீரில் இளஞ்சூட்டில் ஊறவைத்து அலசினால் போகும். பிறகு இறகின் எடையில் ஏறத்தாழ 15 விழுக்காடு படிகாரம் கரைத்த வெந்நீரில் ஒரு மணி நேரம் வைக்கலாம். ஒரு லிட்டர் நீருக்கு இரண்டு கைப்பிடிச் சருகை முக்கால் மணி நேரம் கொதிக்கவைத்து வடித்து, சாற்றில் இறகை இட வேண்டும். தளதளவென்று கொதிக்க விடலாகாது. கொதித்தால் இறகின் இழைகள் சுருண்டு உயிரற்றுப் போகும். ஆவி எழும் சூடு போதும். பத்து நிமிடத்தில் வெளிர் பொன், அரைமணியில் செம்பொன். நனைந்த இறகு உலர்ந்த இறகைவிட ஆழ்ந்த நிறம் காட்டும்; ஆகவே வேண்டியதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும்போதே எடுக்க வேண்டும். சாற்றில் அன்னபேதியை ஒரு சிட்டிகை இட்டால் பொன் மங்கி ஆலிவ் பச்சைக்கு இறங்கும். அந்த ஆலிவ் பச்சையே பாதி டிரவுட் ஈக்களின் நிறம். தேயிலைச் சாறும் அன்னபேதியும் சேர்ந்தால் சாம்பல் கிடைக்கும். வெங்காயச் சருகுக்கும் தேயிலைக்கும் இடையே ஒரு முழு ஓடையின் பூச்சிகள் அடங்கிவிடும் என்று சொன்னால் அது மிகையாகாது.

சாயம் ஒரு பறவையினத்தின் மேலிருந்த சுமையைக் குறைத்த கதையும் உண்டு. தியோடர் கார்டன் வடித்த அமெரிக்க ஈ மரபில் சிறகுக்கு வேண்டியது வுட் டக் என்னும் வட அமெரிக்க வாத்தின் விலா இறகு. எலுமிச்சைப் பழுப்பில் மெல்லிய கறுப்பு வரிகள் கொண்டது. வேட்டையால் அவ்வாத்து அழிவின் விளிம்புக்கு வந்தது. 1918 முதல் 1941 வரை அமெரிக்காவில் அதனைச் சுடுவது தடைசெய்யப்பட்டிருந்தது. ஈ கட்டுவோர் என்ன செய்தார்கள்? மல்லார்ட் வாத்தின் சாம்பல் விலா இறகில் அதே வரிகள் இருப்பதைக் கண்டார்கள். அதற்குப் பழுப்பு மஞ்சள் சாயமேற்றினார்கள். டிரவுட்டுகள் முறையிட்டதாகத் தெரியவில்லை. சாயமேற்றிய மல்லார்ட் இன்றும் கடைகளில் விற்கிறது. வெங்காயச் சாற்றில் சிறிது தேயிலை சேர்த்து வீட்டிலும் அதே நிறத்தைப் பெறலாம். வுட் டக் இப்போது மீண்டு பெருகியிருக்கிறது.

எதிரணியின் கையில் வலுவான ஒரு சீட்டு மட்டும் உண்டு. அதையும் எடுத்துப் பேசிவிடுவதே முறை. கோட்டிங்காவின் நீலத்தை எந்த அடுப்பிலும் காய்ச்ச முடியாது. ஏனெனில் அது நிறமி அன்று. இறகு இழையின் உள்ளே கெரட்டினும் காற்றும் கலந்த நுண்ணிய நுரை போன்ற அமைப்பு இருக்கிறது. அது நீல ஒளியை மட்டும் சிதறடித்துத் திருப்பி அனுப்புகிறது. அந்த இறகை அரைத்துப் பொடியாக்கினால் நீலம் மறைந்துவிடும். சாயமேற்றிய கோழி இறகின் நீலம் அதன் அருகே வைத்தால் மங்கலாகவே தோன்றும். மீன்கொத்தி இறகும் அதே குடும்பத்து வித்தைதான். மெய், ஒப்புக்கொள்கிறோம். ஆனால் இதிலிருந்து கிடைக்கும் முடிவு என்ன? ஒரு நிறத்தை நம்மால் நகலெடுக்க முடியவில்லை என்பதனால் அந்நிறத்தை அணிந்த பறவையைத் தோலுரிக்கும் உரிமை வந்துவிடுமா? பாட முடியாத இராகத்துக்காகப் பாடகரின் தொண்டையை யாரும் அறுத்து வைத்துக்கொள்வதில்லை. பழைய இறகு சட்டப்படி கைமாறியது, பாட்டியின் தொப்பியிலிருந்து எடுத்தது என்று சொல்வோர் உண்மையாகவே சொல்லக்கூடும். ஆயினும் அந்தச் சந்தை ஒவ்வொரு முறை விலையேற்றும்போதும், எங்கோ ஓர் அருங்காட்சியகத்தின் சன்னல் சற்று மெலிதாகிறது.

கண்காட்சிகளையும் போட்டிகளையும் நடத்துவோரிடம் நாம் வைக்கும் கோரிக்கை சிறிது. ஈயின் அருகே வைக்கும் அட்டையில் கட்டியவர் பெயரும் ஈயின் பெயரும் மட்டும் போதா. கெல்சன் காலத்துப் பட்டியல்கள் சாயமேற்றிய அன்னத்தைக் கூச்சமின்றி எழுதியதுபோல, 'சாயமேற்றிய கோழி. வெங்காயத் தோல், படிகாரம்' என்று நம்மவர் எழுதட்டும். அசல் கோட்டிங்கா வைத்திருப்போரும் அப்பறவை எந்த ஊரில், எந்த ஆண்டில், யாரால் பிடிக்கப்பட்டது, எவர் எவர் கை மாறித் தம்மிடம் வந்தது என்பதை அதே அட்டையில் எழுதட்டும். டிரிங்கில் அறுக்கப்பட்ட சீட்டுகளில் இருந்தவை இந்த விவரங்கள்தாம்.